கடல்நீரில் அலுமினியம்: அரிமானத் தடுப்பின் வரலாற்றில் ஆயுட்காலக் கணக்கு (1761–2011)

ஆய்வுச் சுருக்கம்

கடற்பயன்பாட்டுத் தர அலுமினிய உலோகக்கலவைகள் கடல்நீரின் அரிமானத்தை நன்கு தாங்குவன என இன்று அறியப்படுகின்றன. ஆயின் 1890களில் கடலுக்குச் சென்ற முதல் அலுமினியக் கலங்கள் சில ஆண்டுகளிலேயே சிதைந்தன. அச்சிதைவுக்கு அக்காலத்தாரின் அறிவின்மையைக் காரணமாகக் கூறுவது பொருந்தாது என இக்கட்டுரை வாதிடுகிறது. வேறுபட்ட இரு உலோகங்கள் கடல்நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றுள் ஒன்று அழியும் என்பது அதற்கு நூறாண்டுக்கு முன்பே பதிவாகியிருந்தது. கலத்தைக் கட்டியோர் அதற்கு வகுத்திருந்த ஆயுட்காலமே உலோகத் தேர்வையும் பாதுகாப்பையும் தீர்மானித்தது என்பதை டிஃபெண்டர் (1895) முதல் இண்டிபெண்டன்ஸ் (2010) வரையிலான கலங்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அலுமினிய உலோகக்கலவை, அரிமானம், கால்வானிக் இணை, டிஃபெண்டர், ஹம்ப்ரி டேவி, மக்னீசியம், எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு.

முன்னுரை

அலுமினியம் இயல்பில் மிகுந்த வினைத்திறன் கொண்ட உலோகம். காற்றுப் பட்டதும் அதன் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு படலம் உருவாகிறது. அப்படலம் அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. கீறப்பட்டால் தானே மீண்டும் உருவாகிறது. இரும்பின் துரு உதிர்ந்துகொண்டே போவது. அலுமினியத்தின் ஆக்சைடோ ஒட்டிக்கொண்டு நிற்பது. எனினும் இப்பாதுகாப்புக்கு எல்லையுண்டு. கடும் அமிலத்திலும் காரத்திலும் படலம் கரைகிறது. புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் வைத்திருக்கக் கூடாது என்னும் அடுக்களை வழக்கம் இதனோடு தொடர்புடையது. கடல்நீர் படலத்தை முழுவதுமாகக் கரைப்பதில்லை. அதிலுள்ள குளோரைடு அயனிகள் படலம் நலிந்த இடங்களில் ஊடுருவிக் குழிகளை உண்டாக்குகின்றன. படலம் எங்கு நலிகிறது என்பதை உலோகத்துக்குள் கலந்திருப்பவையும் அதற்கு வெளியே அதைத் தொட்டுக்கொண்டிருப்பவையும் முடிவு செய்கின்றன.

ஆகவே ‘அலுமினியம் கடலைத் தாங்குமா?’ என்னும் வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. எந்தக் கலவை, எதனோடு இணைந்து, எத்தனை ஆண்டுகள் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். இவற்றுள் மூன்றாவது வினா வேதியியலுக்கு மட்டும் உரியதன்று, வரலாற்றுக்கும் உரியது.

அலுமினியத்துக்கு முந்தைய அறிவு

1761ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படை ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகடுகளால் மூடியது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுப்பதும், பாசியும் சிப்பியும் படிவதைக் குறைப்பதும் நோக்கம். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று வந்த கப்பலை 1763இல் சோதித்தபோது செம்பு தன் வேலையைச் செய்திருந்தது தெரிந்தது. ஆனால் தகடுகளைப் பிணைத்திருந்த இரும்பு ஆணிகள் பல அரிக்கப்பட்டு மெலிந்திருந்தன. சில ஆணிகள் மட்டும் புதியனபோல் இருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத்தாள் அகற்றப்படாமல் செம்புக்கும் ஆணிக்கும் இடையே தங்கிவிட்ட இடங்கள் அவை. இரும்பும் செம்பும் கடல்நீரில் ஒன்றையொன்று தொடக் கூடாது என்ற முடிவுக்குச் சோதித்தவர்கள் வந்தனர். வோல்ட்டா தம் மின்கலத்தை 1800இல்தான் அறிவித்தார் என்பதை நோக்க, காரணம் விளங்காத நிலையிலேயே விளைவு துல்லியமாகப் பதிவாகிவிட்டது எனலாம். 1780களில் கடற்படை இரும்பு ஆணிகளுக்கு மாறாகச் செப்புக் கலவை ஆணிகளுக்கு மாறியது.

காரணத்தை விளக்கியவர் ஹம்ப்ரி டேவி. செப்புத் தகடுகள் விரைவில் தேய்வது குறித்துக் கடற்படை கேட்டதன்பேரில் அவர் 1824இல் ராயல் சொசைட்டியில் தம் ஆய்வை முன்வைத்தார். செம்போடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டு ஒன்றை இணைத்தால் அத்துண்டு அழிந்து செம்பைக் காக்கும் என்று அவர் காட்டினார். இன்று எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு எனப்படும் முறையின் தொடக்கம் இதுவே. ‘சமராங்’ என்னும் கப்பலில் இம்முறை சோதிக்கப்பட்டது. செம்பு காக்கப்பட்டது. ஆனால் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்ததால்தான் அதன்மீது உயிரிகள் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் பாசியும் சிப்பியும் அடர்ந்து படிந்தன. கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை இம்முறையைக் கைவிட்டது.

டேவியின் அறிவியல் இதில் தோற்கவில்லை. தகட்டின் ஆயுளைவிடக் கப்பலின் வேகம் மேலானது என்று கடற்படை கணக்கிட்டது. அரிமானத்தைத் தடுக்கும் வழி தெரிந்திருந்தும் அதை வேண்டாம் எனத் தள்ளிய இம்முடிவு, எழுபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கலத்தில் வேறொரு வடிவில் திரும்புகிறது.

செம்பு கலந்த முதல் கலங்கள்

1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எருவும் தனித்தனியே கண்டறிந்த மின்னாற்பகுப்பு முறை அலுமினியத்தின் விலையைச் சரித்தது. முன்னர்ப் பவுண்டு ஒன்றுக்குப் பல டாலராக இருந்த விலை 1890களின் நடுவில் ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. உற்பத்தி பெருகியது, வாங்குவோர் வேண்டியிருந்தனர். எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடைய உலோகத்தைப் படகு கட்டுவோர் கவனிக்காதிருக்க இயலாது.

சுரிச் ஏரியில் எஷர் வீஸ் நிறுவனம் கட்டிய அலுமினியப் படகுகள் நன்கு ஓடின. அவற்றுள் ஒன்றான ‘மின்யோன்’ ஆல்ஃபிரட் நோபெலுக்காகக் கட்டப்பட்டது. ஏரி நீர் நன்னீர் என்பதை இங்கு மறக்கலாகாது. கடலில் நிலைமை மாறியது. பிரான்சின் ‘வாந்தநெஸ்’ என்னும் பாய்க்கப்பலும், பிரெஞ்சுக் கடற்படைக்காக இங்கிலாந்தின் யாரோ நிறுவனம் 1894இல் கட்டிய 60 அடி நீளமுள்ள டார்பிடோ படகும் விரைவில் அரிக்கப்பட்டன. அந்த டார்பிடோ படகு 20 நாட்டுக்கு மேற்பட்ட வேகத்தில் சென்று வியப்பை உண்டாக்கியது. அதன் தகடுகளில் 6 விழுக்காடு செம்பு கலந்திருந்தது.

தூய அலுமினியம் மென்மையானது. கப்பல் தகட்டுக்கு வேண்டிய வலிமை அதற்கில்லை. செம்பு சேர்த்தால் வலிமை கூடும். ஆனால் சேர்க்கப்பட்ட செம்பு முழுவதும் அலுமினியத்தில் கரைந்து நிற்பதில்லை. ஒரு பகுதி செம்பு மிகுந்த நுண்துகள்களாகப் பிரிகிறது. கடல்நீரில் ஒவ்வொரு துகளும் எதிர்மின்வாயாகவும் அதைச் சூழ்ந்த அலுமினியம் நேர்மின்வாயாகவும் செயல்பட, தகட்டின் உள்ளேயே எண்ணற்ற மின்கலங்கள் அமைகின்றன. ‘அலாரம்’ கப்பலில் ஆணிக்கும் தகட்டுக்கும் இடையே நிகழ்ந்தது இங்குத் தகட்டின் உள்ளுக்குள்ளேயே நிகழ்ந்தது. இந்த உட்பகையைக் காணும் உலோகவியல் 1894இல் வளர்ந்திருக்கவில்லை. இவ்வளவில் அக்காலத்தார்க்கு அறியாமை என்னும் சலுகையைத் தரலாம். அடுத்த கலத்தைப் பொறுத்தவரை அச்சலுகை பொருந்தாது.

டிஃபெண்டர், 1895

அமெரிக்கா கோப்பைப் போட்டிக்காக வில்லியம் வாண்டர்பில்ட், எட்வின் மார்கன், ஆலிவர் ஐஸ்லின் ஆகிய செல்வர்கள் கூட்டாகப் பணம் கொடுக்க, நதானியேல் ஹெரஷாஃப் ரோட் ஐலண்டின் பிரிஸ்டல் நகரில் கட்டிய பாய்க்கப்பல் ‘டிஃபெண்டர்’. அதன் நீர்க்கோட்டுக்குக் கீழ்ப்பகுதி மாங்கனீசு வெண்கலத் தகடுகளாலும், மேற்பகுதி அலுமினியத் தகடுகளாலும், விலாச்சட்டங்கள் எஃகினாலும் ஆனவை. (பெயரில் வெண்கலமாயினும் மாங்கனீசு வெண்கலம் செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, கலவையின் இயல்பால் பித்தளை வகை.) மூன்று உலோகங்களும் ஒரே உடலில், ஒரே உப்புநீரில்.

இவ்வமைப்பில் ஒவ்வொரு தேர்வுக்கும் காரணமிருந்தது. மெருகேற்றிய வெண்கலம் வழவழப்பானது. பாசி எளிதில் படியாது. நீரின் உராய்வு குறையும். மேலே அலுமினியம் வைத்ததால் எடை குறைந்து, மிச்சமான எடையைக் கீழே ஈயமாக வைத்து உயரமான பாய்களைச் சுமக்க முடிந்தது. பந்தயத்தில் வெல்வதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை 1895இல் எண்ணுவது கடினம்.

அரிமான நோக்கில் இதைவிடத் தீய அமைப்பை எண்ணுவதும் கடினம். கடல்நீரில் அலுமினியத்துக்கும் செப்புக் கலவைகளுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ அரை வோல்ட். பரப்பளவும் பகையாயிற்று. வெண்கலப் பகுதி எப்போதும் நீருக்குள் பெரும்பரப்பாக இருந்தது. நீர்க்கோட்டை ஒட்டி நனைந்த அலுமினியமோ குறுகிய பட்டை. எதிர்மின்வாய் பெரிதாகவும் நேர்மின்வாய் சிறிதாகவும் அமையும்போது மின்னோட்டம் முழுவதும் அச்சிறு பரப்பில் குவிந்து அதை விரைவில் தின்கிறது. மேலும் பந்தயப் பாய்க்கப்பல் காற்றில் ஒருபுறம் சாய்ந்தே ஓடும். நீருக்கு மேல் என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட அலுமினியத் தகடுகள் ஓட்டத்தின்போது நீருக்குள் சென்றன. வரைபடத்தின் நீர்க்கோடு கப்பல் நிற்கும்போது மட்டுமே மெய்.

1895 செப்டம்பரில் டிஃபெண்டர் டன்ரேவன் பிரபுவின் ‘வால்கிரி 3’ஐ எதிர்த்து வென்றது. அமெரிக்கர்கள் கப்பலில் முறைகேடாக எடை ஏற்றினர் எனப் பிரபு குற்றம் சாட்டியதும், நியூயார்க் பாய்க்கப்பல் கழகம் அமைத்த விசாரணைக் குழு அதை மறுத்ததும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. அக்குழுவில் ஜே. பி. மார்கனும் கடல்வல்லமை பற்றி எழுதிய ஆல்ஃபிரட் மாஹனும் இருந்தனர். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்தது என்று அங்குலக் கணக்கில் வாதிட்ட அவ்விசாரணை நிகழ்ந்த அதே காலத்தில், நீர்க்கோட்டருகே அலுமினியம் கரைந்துகொண்டிருந்தது. வரலாற்று ஆசிரியர்களின் கவனமும் பெரும்பாலும் முன்னதிலேயே நின்றுவிட்டது. 1899இல் ‘கொலம்பியா’வுக்குப் பயிற்சி எதிரியாக ஓடுவதற்காக டிஃபெண்டர் செப்பனிடப்பட்டது. 1901இல் உடைக்கப்பட்டது.

ஆறே ஆண்டுகளில் அழிந்தமையால் இக்கப்பலைத் தோல்வியின் சான்றாகக் காட்டுவது வழக்கம். இது மறுபரிசீலனைக்குரியது. செம்பையும் அதனினும் வினைத்திறன் மிக்க உலோகத்தையும் கடல்நீரில் இணைக்கலாகாது என்பது கப்பல் கட்டுவோர் யாவரும் அறிந்த பாடம். நீராவிப் பொறிகளிலும் கப்பல்களிலும் தேர்ந்த ஹெரஷாஃப் அதை அறியாதிருந்தார் என்று கொள்ள இடமில்லை. டிஃபெண்டர் கட்டப்பட்டது ஒரு கோடையின் சில பந்தயங்களுக்காக. அப்பந்தயங்களை அது வென்றது. அதைக் கட்டியோர் வகுத்த ஆயுட்காலத்துக்குள் அரிமானம் அதைத் தோற்கடிக்கவில்லை. சமராங்கைப் பற்றி முடிவெடுத்த கடற்படை போலவே இவர்களும் ஆயுளை விற்று வேகத்தை வாங்கினர்.

ஆனால் பார்த்தவர்கள் கண்ட பாடம் வேறு. ‘அலுமினியம் கடலுக்கு ஆகாது’ என்ற கருத்து பரவியது. ஒரு குறிப்பிட்ட இணைப்பின் குற்றம் உலோகத்தின் குற்றமாகப் பொதுமையாக்கப்பட்டது. அடுத்த ஒரு தலைமுறைக்காலம் பெருங்கலங்கள் அலுமினியத்தை நாடாமைக்கு இப்பொதுமையாக்கமும் ஒரு காரணம்.

செம்பிலிருந்து மக்னீசியத்துக்கு

1906இல் ஜெர்மானியர் ஆல்ஃபிரட் வில்ம் கண்டறிந்த டுராலுமின் அலுமினியத்துக்கு எஃகை ஒத்த வலிமையைத் தந்தது. அதிலும் சுமார் 4 விழுக்காடு செம்பு உண்டு. வானூர்திகள் அதனால் பயன்பெற்றன. கடல்வானூர்திகளின் மிதவைகளோ படிகத்துகள்களின் எல்லைவழி அரிக்கப்பட்டன. 1920களின் பிற்பகுதியில் வலிய கலவையின் இருபுறமும் தூய அலுமினியத் தோலைப் பதித்த ‘ஆல்கிளாட்’ தகடு வந்தது. தோல் அழிந்து உள்ளுடலைக் காத்தது. டேவியின் கருத்து இங்கு ஒரு தகட்டின் தடிப்புக்குள் அடங்கியது.

கப்பலுக்கான தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. செம்பை நீக்கி மக்னீசியத்தைச் சேர்ப்பது அது. மக்னீசியம் அலுமினியத்தில் கரைந்து நின்றே வலிமை தருகிறது. அதன் மின்னழுத்தம் உள்ளே பகைமுனைகளை உண்டாக்குவதில்லை. 1930ஐ ஒட்டி ஜெர்மனியில் ‘ஹைட்ரோனாலியம்’, பிரிட்டனில் ‘பிர்மாபிரைட்’ என்னும் பெயர்களில் இவ்வகைக் கலவைகள் விற்பனைக்கு வந்தன. 1931இல் கட்டப்பட்ட ‘டயானா 2’ என்னும் 55 அடி விசைக்கப்பல் இவ்வகையால் ஆனது. அது பல பத்தாண்டுகள் நீடித்தது. (1948இல் வந்த லேண்ட் ரோவர் ஊர்தியின் உடற்பகுதியும் பிர்மாபிரைட்டே.)

இக்காலத்தில் சோதனை முறையும் மாறியது. 1935இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் கியூர் கடற்கரையில் உலோகத் தகடுகளை ஆண்டுக்கணக்கில் கடற்காற்றில் நிறுத்திவைத்துப் பார்க்கும் களம் தொடங்கியது. உலோகம் வலிமையாக உள்ளதா என்பதோடு பத்தாண்டுக்குப் பின் எப்படியிருக்கும் என்பதும் கேட்கப்படலாயிற்று. தமிழகத்தில் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் நடத்தும் சோதனைக்களம் இம்மரபைச் சேர்ந்தது.

1952இல் வெள்ளோட்டம் கண்ட ‘யுனைட்டட் ஸ்டேட்ஸ்’ பயணக்கப்பலின் மேற்கட்டுமானத்தில் ஏறத்தாழ 2,000 டன் அலுமினியம் பயன்பட்டது. அட்லாண்டிக்கைக் கடக்கும் வேகச் சாதனையை அது தன் முதற்பயணத்திலேயே முறியடித்தது. பந்தயத்தில் வென்ற மற்றொரு கப்பல்தான். ஆனால் இதன் ஆயுட்காலக் கணக்கு பத்தாண்டுகளில் அளக்கப்பட்டது. மந்த வாயுப் பாதுகாப்பில் அலுமினியத்தைப் பற்றவைக்கும் முறை 1940களில் வளர்ந்ததும் ரிவெட்டுகள் மறையத் தொடங்கின. 1954இல் 5083 எனப்படும் கலவை பதிவாயிற்று. இன்றும் கப்பல் தகடுகளில் முதன்மையானது அது. அதன் வரையறை 4.0 முதல் 4.9 விழுக்காடு வரை மக்னீசியத்தைக் கேட்கிறது, செம்பு 0.10 விழுக்காட்டை மீறக் கூடாது என்கிறது. 1894இன் டார்பிடோ படகில் இருந்த செம்பில் இது அறுபதில் ஒரு பங்கு. தர வரையறையில் உள்ள இந்த ஓர் எண்ணை அறுபது ஆண்டுக் கப்பற் சிதைவுகளின் சுருக்கமாகவே வாசிக்கலாம்.

மக்னீசியத்தின் பின்விளைவு

மக்னீசியமும் குறையற்றதன்று. கலவையில் அது 3 விழுக்காட்டுக்கு மேல் செல்லும்போது அறை வெப்பநிலையில் நிலையாகக் கரைந்திருக்க இயலாத அளவை எட்டுகிறது. வெயிலில் காயும் மேல்தளம், பொறியறைச் சுவர் போன்ற இடங்களின் மிதவெப்பத்தில் ஆண்டுகள் செல்லச் செல்ல, மிகுதியான மக்னீசியம் படிகத்துகள்களின் எல்லைகளுக்கு நகர்ந்து தனிச்சேர்மமாகப் படிகிறது. கடல்நீரில் முதலில் கரைவது அச்சேர்மமே. துகள்களைப் பிணைத்திருந்த எல்லை கரைய, தகடு அடுக்கடுக்காக உரிகிறது அல்லது இழுவிசையில் வெடிக்கிறது. செம்பின் தீங்கு மாதங்களில் தெரிந்தது. மக்னீசியத்தின் தீங்கு தெரிய ஆண்டுகள் பல வேண்டும்.

வியத்நாம் போரில் பயன்பட்ட அமெரிக்க ரோந்துப் படகுகளின் 5456 தகடுகளில் 1960களில் இவ்வகை உரிதல் கண்டறியப்பட்டது. அதன் விளைவாக எச்116 என்னும் பதப்படுத்தல் நிலை வகுக்கப்பட்டது. 1983 முதல் பணியில் சேர்ந்த டைகண்டரோகா வகைப் போர்க்கப்பல்கள் 27இன் மேற்கட்டுமானங்களும் 5456ஆல் ஆனவை. அவற்றில் விரிசல்கள் தொடர்ந்து தோன்றின. இவை இளமையில் வெடிக்கவில்லை, முதுமையில் வெடித்தன. கப்பற்படைகள் தம் கலங்களைத் திட்டமிட்டதைவிட நெடுங்காலம் வைத்திருக்க முற்பட்டபோது உலோகத்தின் மறைந்திருந்த கடன் வெளிப்பட்டது. நைட்ரிக் அமிலத்தில் தகட்டுத் துண்டை ஊறவைத்து எடையிழப்பை அளக்கும் சோதனையைக் கட்டாயமாக்கிய ஏஎஸ்டிஎம் பி928 தரவரையறை 2003இல் வந்தது.

ஹெரஷாஃபின் இணை திரும்புதல்

2010 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ‘இண்டிபெண்டன்ஸ்’ மூன்று உடற்பகுதிகள் கொண்ட அலுமினியப் போர்க்கப்பல். விரைவுக்காகக் கட்டப்பட்டது, நீர்த்தாரை உந்திகளால் இயங்கியது. 2011இல் அவ்வுந்திகளின் எஃகு உறைகள் அலுமினிய உடலோடு சேருமிடத்தில் கடுமையான கால்வானிக் அரிமானம் ஏற்பட்டிருப்பது தெரியவந்தது. கலவை குற்றமற்றது. எஃகும் அலுமினியமும் கடல்நீரில் தொட்டுக்கொண்டிருந்தன. அவற்றைக் காக்கவேண்டிய எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு அமைப்பு பொருத்தப்படவில்லை.

டிஃபெண்டருக்கும் இதற்கும் இடையே 116 ஆண்டுகள். இக்காலத்தில் மின்னழுத்த அட்டவணைகள் மாணவர் பாடநூலுக்கே வந்துவிட்டன. ஆதலால் இங்கும் அறியாமையைக் காரணமாகக் காட்டுவதற்கில்லை. இரண்டு கலங்களும் ஒத்திருப்பது உலோக இணைப்பில் மட்டுமன்று. வேகத்தின் பொருட்டு எடை எண்ணப்பட்ட விதத்திலும் ஒத்திருக்கின்றன. வேறுபாடு ஆயுட்காலக் கணக்கில் உள்ளது. டிஃபெண்டரிடம் எவரும் இருபது ஆண்டுகளை எதிர்பார்க்கவில்லை, இண்டிபெண்டன்சிடம் எதிர்பார்த்தனர். ஒரே பிழை முன்னதில் விலையாகவும் பின்னதில் இழப்பாகவும் பதிவானது இதனாலேயே. கப்பலை உலர்துறைக்கு ஏற்றி, 1824இல் டேவி முன்வைத்த கோட்பாட்டின்படி அமைந்த பாதுகாப்பைப் பொருத்துவதே தீர்வாக அறிவிக்கப்பட்டது. அடுத்துக் கட்டப்பட்ட கப்பல்களின் வரைவில் அது தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டது.